படத்துக்குள் ஒளிந்த மோசடி

2006ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உலகெங்கும் மின்னஞ்சல் பெட்டிகளில் ஒரே சாயலில் மடல்கள் வந்து குவிந்தன. திறந்தால் யாரும் கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் பெயர், பங்குச் சந்தையில் அதன் சுருக்கக் குறியீடு, இன்றைய விலை, ஐந்தே நாளில் எட்டப்போகும் விலை, சந்தை திறந்ததும் வாங்கிவிடுங்கள் என்ற அவசரம். எல்லாமே சில காசுகளுக்கு விற்கும் பங்குகள். படிப்பவர் கண்ணுக்கு அது ஒரு சாதாரண மடல். கணினிக்கோ அதில் விளம்பரம் என்று சொல்ல ஓர் எழுத்துகூட இல்லை. அத்தனையும் ஒரே படமாக, ஜிஃப் கோப்பாக, ஒட்டப்பட்டிருந்தது.

மனிதக் கண் படித்துவிடும், இயந்திரம் படிக்காது. அந்தச் சிறிய இடைவெளியில்தான் மோசடிக்காரர்கள் புகுந்துகொண்டார்கள். படத்தில் இருக்கும் எழுத்தைக் கணினி படிக்கும் நுட்பத்துக்கு ஓசிஆர் என்று பெயர். தமிழ்க் கணிமையாளர்கள் எழுத்துணரி என்பார்கள். பார்வையற்றோருக்கு உதவவும் அலுவலகத் தாள்களைப் படிக்கவும் நூறாண்டுக்கு முன் தொடங்கிய முயற்சி அது. ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்கும் வேலைக்கு அது வந்து சேர்ந்த வரலாறு இணையத்தின் நீண்ட போராட்டங்களுள் ஒன்று. அந்தப் போராட்டம் இன்னும் முடியவில்லை. தமிழ் பேசுகிறவர்களின் கைபேசியில் அது பாதி வழியில்தான் நிற்கிறது.

சொற்களை எண்ணிய வடிகட்டி

1978 மே 3. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனை அலுவலர் கேரி துர்க், புதிய கணினிகளின் செயல்விளக்கத்துக்கு வரும்படி, இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் வலையமைப்பில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். கேட்காமல் வந்த முதல் மொத்த விளம்பர மின்னஞ்சல் என்று அதைத்தான் குறிப்பிடுகிறார்கள். அதில் மோசடி எதுவும் இல்லை. ஆயினும், ஆயிரம் பேருக்கு அனுப்பினாலும் அனுப்புகிறவருக்குச் செலவு கூடாத ஓர் ஊடகம் என்ன ஆகும் என்பதை அது முன்கூட்டியே காட்டியது.

1990களின் நடுவில் அமெரிக்கா ஆன்லைன் சேவையின் பயனர்களிடம் நிறுவன ஊழியர்போலப் பேசிக் கடவுச்சொல்லைக் கறக்கும் கும்பல்கள் தோன்றின. நைஜீரியக் குற்றவியல் சட்டத்தின் 419ஆம் பிரிவின் எண்ணால் அறியப்படும் கடிதங்கள், அதாவது கோடிக்கணக்கான பணத்தை நாட்டைவிட்டு வெளியே கொண்டுவர உங்கள் உதவி தேவை என்று கெஞ்சும் கடிதங்கள், தபாலையும் ஃபேக்ஸையும் விட்டு மின்னஞ்சலுக்கு மாறின.

இவற்றைத் தடுக்க முதலில் வந்தவை தடைப் பட்டியல்கள். குறிப்பிட்ட முகவரியிலிருந்து வந்தால் நிறுத்து, குறிப்பிட்ட சொல் இருந்தால் நிறுத்து. சொல்லைச் சற்றே மாற்றி எழுதினால் போதும், பட்டியல் தோற்றுவிடும். 2002 ஆகஸ்டில் கணினி நிரலாளர் பால் கிரஹாம் ‘எ பிளான் ஃபார் ஸ்பேம்’ என்ற கட்டுரையில் வேறு வழியைப் பரப்பினார். பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த தாமஸ் பேயஸின் நிகழ்தகவுத் தேற்றம் அதன் அடிப்படை. நல்ல மடல்களில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது, குப்பை மடல்களில் எத்தனை முறை வருகிறது என்று கணினியே எண்ணிப் பழகும். புது மடல் வந்தால் அதன் சொற்களை வைத்து இது எந்தப் பக்கம் சேரும் என்று கணக்கிடும். யாரும் உட்கார்ந்து விதி எழுத வேண்டியதில்லை. பயனர் குப்பை என்று ஒதுக்கும் ஒவ்வொரு மடலும் அதற்குப் பாடம்.

இந்த வடிகட்டிகள் நன்றாகவே வேலை செய்தன. மோசடிக்காரர்கள் எழுத்துகளுக்கு நடுவே எண்களைச் செருகினார்கள். பழைய நாவல்களிலிருந்து பத்திகளை வெட்டி மடலின் அடியில் ஒட்டி, நல்ல சொற்களின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். வடிகட்டி அதையும் கற்றுக்கொண்டது. சொல் இருக்கும்வரை அது எண்ணப்படும். ஆகவே சொல்லே இல்லாத மடல் வந்தது. விளம்பரம் படத்தில், அதன் கீழே வடிகட்டியை ஏமாற்றச் சில வரிக் கதை.

படிக்கப் பழகிய இயந்திரம்

படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் கருவி அப்போது புதிதன்று. 1910களில் பர்மிங்காமில் பணியாற்றிய எட்மண்ட் ஃபூர்னியே டால்ப் என்ற இயற்பியலாளர் ஆப்டோஃபோன் என்ற கருவியை உருவாக்கினார். அச்சிட்ட எழுத்தின்மேல் ஒளியை நகர்த்தினால் எழுத்தின் வடிவத்துக்கு ஏற்ப வெவ்வேறு ஒலிகள் எழும். பார்வையற்றவர் அந்த ஒலிகளைக் கேட்டே சொற்களைப் படிக்கலாம். மேரி ஜேம்சன் என்ற பார்வையற்ற பெண் அதில் தேர்ந்து பொதுமக்கள்முன் படித்துக் காட்டினார். 1929இல் ஆஸ்திரியப் பொறியாளர் குஸ்டாவ் டவுஷெக் எழுத்துகளின் வார்ப்புருக்களை ஒளியால் ஒப்பிடும் இயந்திரத்துக்கு ஜெர்மனியில் காப்புரிமை பெற்றார்.

வணிக உலகுக்கு இதைக் கொண்டுவந்தவர் டேவிட் ஷெப்பர்ட். அமெரிக்கப் படைகளின் சங்கேத மொழி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். 1951இல் நண்பர் ஹார்வி குக்குடன் சேர்ந்து தம் வீட்டிலேயே ‘கிஸ்மோ’ என்ற இயந்திரத்தைக் கட்டினார். அதிலிருந்து வளர்ந்த கருவி 1950களின் நடுவில் ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழின் அலுவலகத்துக்குப் போய், தட்டச்சு செய்த விற்பனைத் தாள்களைப் படித்துத் துளை அட்டைகளாக மாற்றியது. வங்கிகள் காசோலையின் அடியில் அச்சிடும் எண்களுக்கு இயந்திரம் படிப்பதற்கென்றே தனி எழுத்துருவை வகுத்ததும் அந்தப் பத்தாண்டில்தான். மனித எழுத்தை இயந்திரம் படிக்கத் திணறியபோது, எழுத்து இயந்திரத்துக்கு வளைந்து கொடுத்தது.

1976 ஜனவரியில் ரே குர்ஸ்வைல் அந்த நிலையை மாற்றினார். எந்த எழுத்துருவில் அச்சிட்டிருந்தாலும் படித்து, குரலாகவும் சொல்லும் இயந்திரத்தை வெளியிட்டார். பாடகர் ஸ்டீவி வொண்டர் அதன் முதல் வாடிக்கையாளர்களில் ஒருவர். 1980களில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலிருந்த ஹியூலெட் பேக்கர்ட் ஆய்வகத்தில் ரே ஸ்மித் டெசராக்ட் என்ற எழுத்துணரியை எழுதத் தொடங்கினார். பத்தாண்டு உழைப்புக்குப் பின் அது கிடப்பில் போடப்பட்டது. 2005இல் அதைத் திறமூல மென்பொருளாக வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டிலிருந்து கூகுள் அதை வளர்த்தது. யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும் எழுத்துணரி கைக்கு வந்த நேரமும் படமாக மாறிய மோசடி மடல்கள் பெருகிய நேரமும் கிட்டத்தட்ட ஒன்று.

2006: படமும் வடிகட்டியும்

அந்தப் பங்குச்சந்தை மடல்களின் பின்னால் இருந்தது பழைய தந்திரம். யாரும் சீண்டாத பங்கை முதலில் மலிவாக வாங்கிக் குவிப்பது, பிறகு புரளி கிளப்பி விலையை ஏற்றுவது, ஏறியதும் தன்னிடம் இருப்பதை விற்றுவிட்டு ஒதுங்குவது. கடைசியில் வாங்கியவர் கையில் வெறும் காகிதம். அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காணையத்தின் மதிப்பீட்டில் இத்தகைய மடல்கள் வாரத்துக்கு 10 கோடி. மக்கள் இதையெல்லாம் நம்புவார்களா என்ற கேள்விக்கு லாரா ஃப்ரீடர், ஜொனாதன் ஜிட்ரெய்ன் ஆகிய ஆய்வாளர்கள் பதில் தேடினார்கள். மடல் பரவிய நாள்களில் அந்தப் பங்குகளின் வணிகம் உண்மையிலேயே கூடியது. மடலை நம்பி வாங்கி ஓரிரு நாளில் விற்றவர் சராசரியாகத் தம் முதலீட்டில் 5 சதவீதம் அளவுக்கு இழந்தார். எட்டுக் கோடிப் பேர் குப்பையில் போட்டாலும் சில ஆயிரம் பேர் நம்பினால் போதும், மோசடிக்கு இலாபம்தான்.

மின்னஞ்சல் வழங்கிகளைப் பராமரித்தவர்கள் எழுத்துணரியைத் தேடிப் போனார்கள். ஸ்பேம்அசாசின் என்ற புகழ்பெற்ற இலவச வடிகட்டிக்கு 2006இல் ஃபஸிஓசிஆர் என்ற துணை நிரல் வந்தது. மடலில் படம் இருந்தால் அதை எழுத்துணரிக்குக் கொடுத்து, வரும் சொற்களைச் சந்தேகப் பட்டியலோடு ஒப்பிடும். எழுத்துணரி தப்பும் தவறுமாகப் படிக்கும் என்பதால் அச்சு அசலாகப் பொருந்த வேண்டியதில்லை. ஓரிரு எழுத்து பிசகினாலும் அதே சொல் என்று எடுத்துக்கொள்ளும். ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்தைத் திருத்த வேண்டும் என்று அளக்கும் முறையைச் சோவியத் கணிதவியலாளர் விளாடிமிர் லெவென்ஷ்டைன் 1965இலேயே வகுத்திருந்தார். பிழையோடு படிக்கும் இயந்திரத்தை வைத்தும் மோசடியைப் பிடிக்கலாம் என்று அத்தகைய கணக்கு காட்டியது.

அதே ஆண்டில் இத்தாலியின் சார்டீனியா தீவிலுள்ள கால்யாரி பல்கலைக்கழகத்தில் ஜார்ஜியோ ஃபுமேரா, இக்னாசியோ பில்லாய், ஃபாபியோ ரோலி மூவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். படத்திலிருந்து எழுத்துணரி எடுத்துத் தரும் சொற்களையும் மடலின் சொற்களைப்போலவே கற்றல் நிரலுக்குக் கொடுத்தால், பிழைகள் கலந்திருந்தாலும் வடிகட்டி மேம்படுகிறது என்பது அவர்கள் கண்டது.

எதிர்த்தரப்பு சும்மா இருக்கவில்லை. எழுத்துகளை அலைபோல வளைத்தார்கள். பின்னணியில் வண்ணப் புள்ளிகளைத் தூவினார்கள். ஒரே படத்தைப் பல துண்டாக வெட்டி, மடல் திறக்கும்போது ஒன்றாகச் சேரும்படி அடுக்கினார்கள். அசையும் ஜிஃப் கோப்பில் முதல் சட்டகத்தை வெறுமையாக விட்டு, விளம்பரத்தை அடுத்த சட்டகத்தில் வைத்தார்கள். ஒவ்வொரு பிரதியிலும் சில புள்ளிகளை இடம் மாற்றினார்கள். அதனால் நேற்றுப் பிடித்த படத்தின் கைரேகை இன்றைய படத்துக்குப் பொருந்தவில்லை. எழுத்துணரிக்கு அன்றைய கணினிகளில் நேரமும் அதிகம் பிடித்தது. இலட்சக்கணக்கான மடல்களைக் கையாளும் வழங்கியில் ஒவ்வொரு படத்தையும் படிக்க நேர்ந்தால் நல்ல மடல்களும் தேங்கும்.

இங்கேதான் கால்யாரிக் குழுவுக்கு ஓர் அருமையான யோசனை தோன்றியது. எழுத்தைப் படிக்கவே முடியாதபடி ஒருவர் படத்தைக் குலைத்திருந்தால், அந்தக் குலைவே சான்று. வங்கியோ நண்பரோ அனுப்பும் படத்தில் எழுத்தின் ஓரங்களைக் கடித்துக் குதறி வைக்க எந்தக் காரணமும் இல்லை. 2007இல் அதே குழுவைச் சேர்ந்த பத்திஸ்தா பிஜ்ஜோவும் சக ஆய்வாளர்களும், என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல், எழுத்து வேண்டுமென்றே சிதைக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் முறையை முன்வைத்தார்கள். ஏமாற்ற முனையும் எதிரியை முன்னால் வைத்துக்கொண்டே கற்கும் இயந்திரங்களைப் பற்றிய ஆய்வு இன்று செயற்கை நுண்ணறிவில் ஒரு தனித் துறை. பிஜ்ஜோ அதன் முன்னோடிகளில் ஒருவர். அந்தத் துறையின் வேர்களில் ஒன்று இந்தக் குப்பை மடல்களில் இருக்கிறது.

சட்டமும் அசைந்தது. 2007 மார்ச் 8 அன்று ஒழுங்காணையம் இத்தகைய மடல்களில் அடிபட்ட 35 நிறுவனங்களின் பங்கு வணிகத்தை ஒரே நாளில் நிறுத்திவைத்தது. மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஆலன் ரால்ஸ்கி என்ற பெயர்பெற்ற குப்பை மடல் வியாபாரிக்கு, பங்கு விலையை ஏற்றி விற்ற வழக்கில் 2009 நவம்பரில் 51 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. படத்தைப் படிக்கும் நுட்பமும் சட்டமும் இரு பக்கமிருந்தும் நெருக்கின; அந்த அலை தணிந்தது.

அதே ஆயுதம், எதிர்த்திசையில்

இயந்திரத்தால் படிக்க முடியாத எழுத்து நல்லவர்களுக்கும் கேடயமாக இருந்திருக்கிறது. 1997இல் ஆல்டாவிஸ்டா தேடுபொறியில் தானியங்கி நிரல்கள் குப்பை முகவரிகளை அள்ளிப் போட்டன. ஆண்ட்ரே ப்ரோடரும் அவர் குழுவும் வளைந்து நெளிந்த எழுத்துகளைப் படமாகக் காட்டி, படித்துத் தட்டச்சு செய்பவரை மட்டும் உள்ளே விட்டார்கள். வருடி இயந்திரத்தின் கையேட்டில் நன்றாகப் படிக்க இப்படியெல்லாம் இருக்கக் கூடாது என்று சொன்னதையெல்லாம் அவர்கள் அந்தப் படத்தில் செய்ததாகச் சொல்வார்கள். சில ஆண்டுகளில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் வான் ஆன், மானுவெல் பிளம் முதலியோர் இதற்கு கேப்ட்சா என்று பெயரிட்டு வளர்த்தார்கள். 2007இல் வந்த ரீகேப்ட்சா, எழுத்துணரி படிக்கத் தவறிய பழைய அச்சுச் சொற்களையே மக்களிடம் கேள்வியாகக் கேட்டது. கோடிக்கணக்கானோர் தட்டச்சு செய்த விடைகளால் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் பழைய இதழ்கள் எண்ம வடிவம் பெற்றன.

2014 டிசம்பரில் கூகுள் ஒன்றை ஒப்புக்கொண்டது: மிகக் கடினமாக வளைத்த எழுத்தைக்கூடச் செயற்கை நுண்ணறிவு 99.8 சதவீதம் சரியாகப் படித்துவிடுகிறது. மனிதனும் இயந்திரமும் படிப்பதில் இருந்த இடைவெளி, ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, அத்தோடு மூடிக்கொண்டது.

அதைச் சாத்தியமாக்கியவை நரம்பணு வலையமைப்புகள். 1989இல் பெல் ஆய்வகத்தில் யான் லெகுனும் சகாக்களும் கையால் எழுதிய அஞ்சல் குறியீட்டு எண்களைப் படிக்க ஒரு வலையமைப்பைப் பழக்கினார்கள். 1990களின் முடிவில் அதன் வழிவந்த இயந்திரங்கள் அமெரிக்காவின் காசோலைகளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் படித்தன. வரைகலைச் செயலிகள் மலிவானதும் அந்த முறை எல்லா எழுத்துகளுக்கும் பரவியது. 2018 செப்டம்பரில் ஃபேஸ்புக் தன் ரொசெட்டா அமைப்பை வெளிப்படுத்தியது. படத்தில் எழுத்து எங்கே இருக்கிறது என்று ஒரு வலையமைப்பு தேடும். என்ன எழுத்து என்று இன்னொன்று படிக்கும். நாளொன்றுக்கு நூறு கோடிக்கும் மேற்பட்ட பொதுப் படங்களையும் காணொளிச் சட்டகங்களையும் அது படித்தது. 2006இல் ஒரு வழங்கியை மூச்சு வாங்கவைத்த வேலை பன்னிரண்டு ஆண்டில் இந்த அளவுக்கு வந்துவிட்டது. 2019 பிப்ரவரியில் ஜிமெயில் புதிய கற்றல் நிரல்களால் நாளொன்றுக்குக் கூடுதலாக 10 கோடிக் குப்பை மடல்களைத் தடுப்பதாகச் சொன்னது. முன்பு பிடிபடாமல் நழுவிய வகைகளில் முதலாவதாக அது குறிப்பிட்டது, படமாக வரும் மடல்களை.

எழுத்தை மட்டுமன்றித் தோற்றத்தையும் படிக்கும் கருவிகள் வந்தன. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஃபிஷ்பீடியா ஒரு வலைப்பக்கத்தின் திரைப்படிவத்தை, அதாவது ஸ்கிரீன்ஷாட்டை, எடுத்து அதில் உள்ள சின்னத்தை அடையாளம் காணும். சின்னம் ஒரு வங்கியுடையது, முகவரியோ வேறு யாருடையதோ என்றால் அது போலிப் பக்கம். 30 நாள் சோதனையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட போலித் தளங்களை அது கண்டுபிடித்தது.

ஆனாலும் படிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கே உரிய பலவீனம் ஒன்று உண்டு. அது எழுத்தை அளவுக்கு மீறி நம்பும். ஓபன்ஏஐ ஆய்வாளர்கள் 2021 மார்ச்சில் அதை எளிமையாகக் காட்டினார்கள். ஓர் ஆப்பிள் பழத்தின்மேல் ‘ஐபாட்’ என்று எழுதிய காகிதத்தை ஒட்டினார்கள். படங்களைப் புரிந்துகொள்ளும் அவர்களது கிளிப் நிரல் அதை ஐபாட் என்றே அடித்துச் சொன்னது. 2023இல் மோசடிக்காரர்கள் இணைப்பை க்யூஆர் குறியீட்டுக்குள் வைத்து மின்னஞ்சலில் அனுப்பினார்கள். படத்தைப் படிக்கும் வடிகட்டிகள் க்யூஆரையும் படிக்கப் பழகியதும், 2024இல் கறுப்பும் வெள்ளையுமான கட்ட வடிவ எழுத்துகளை வரிசையாக அடுக்கி க்யூஆர் வரைந்தார்கள். அதில் படமே இல்லை, எழுத்து மட்டும்தான். 2006இல் எழுத்தைப் படமாக்கி ஒளித்தார்கள். 2024இல் படத்தை எழுத்தாக்கி ஒளித்தார்கள்.

எழுத்துணரியே திருடர் கைக்கும் போனது. 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் ஸ்பார்க்கேட் என்ற தீநிரலைப் பற்றி அறிவித்தது. சாதாரணச் செயலிகளுக்குள் பதுங்கியிருந்த அது, கைபேசியின் படத்தொகுப்பில் உள்ள ஒவ்வொரு படத்தையும் எழுத்துணரியால் படித்து, கிரிப்டோ நாணயப் பணப்பையின் மீட்புச் சொற்களைத் தேடித் தன் முதலாளிக்கு அனுப்பியது. கூகுள் பிளேயில் மட்டும் அந்தச் செயலிகள் 2,42,000க்கும் மேற்பட்ட முறை இறக்கப்பட்டிருந்தன.

வாட்ஸ்அப்பில் வரும் முத்திரை

இந்தியாவில் இந்த வரலாறு மின்னஞ்சலில் நடக்கவில்லை, கைபேசியில் நடக்கிறது. வணிகக் குறுஞ்செய்தி அனுப்புகிறவர் தம் தலைப்பையும் வார்ப்பையும் முன்பதிவு செய்ய வேண்டும் என்று 2018ஆம் ஆண்டின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை சொல்கிறது. வாட்ஸ்அப்பில் அப்படி ஒரு கட்டு இல்லை. 2016இலிருந்து அங்கு தனிப்பட்ட செய்திகள் முழுமையாக மறையாக்கம் செய்யப்படுகின்றன. நடுவில் இருக்கும் வழங்கியால் அவற்றைப் படிக்க முடியாது. தனிமனித உரிமைக்கு அது அவசியம். அதே சமயம், 2006இல் வழங்கியிலேயே வடிகட்டியதைப்போல இங்கே வடிகட்ட முடியாது.

ஆகவே படங்கள் நேராக வீட்டுக்குள் வருகின்றன. சிங்க முத்திரை, நீல மை கையெழுத்து, வழக்கு எண், சிபிஐ அல்லது அமலாக்கத்துறையின் பெயர் எல்லாம் கொண்ட கடிதம். பிறகு காணொளி அழைப்பில் சீருடை அணிந்த ஒருவர். டிஜிட்டல் கைது என்ற இந்த மிரட்டலில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் மருத்துவர்களும் வாழ்நாள் சேமிப்பை இழந்திருக்கிறார்கள். சட்டத்தில் அப்படி ஒரு முறையே கிடையாது என்று 2024 அக்டோபர் 27 அன்று பிரதமர் தம் வானொலி உரையில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஆண்டு மே மாதத்துக்குள் உள்துறையின் இணையக் குற்ற ஒருங்கிணைப்பு மையம் மைக்ரோசாஃப்டுடன் சேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்கைப் கணக்குகளை முடக்கியது. 2024இல் இந்தியர்கள் இணைய மோசடியில் இழந்தது ஏறத்தாழ ₹22,845 கோடி என்று நாடாளுமன்றத்தில் அரசே சொல்லியிருக்கிறது; முந்தைய ஆண்டுத் தொகையைப்போல மூன்று மடங்கு.

வழங்கியால் படிக்க முடியாத செய்தியைக் கைபேசி படிக்கலாம், அல்லது பெற்றவரே காட்டலாம். திரைப்படிவம் முக்கியமாவது இங்கேதான். 2024 மார்ச்சில் தொலைத்தொடர்புத் துறை தொடங்கிய சக்‌ஷு சேவையில் சந்தேகமான அழைப்பையும் செய்தியையும் திரைப்படிவத்தோடு புகார் செய்யலாம். இப்படி வந்த படத்திலிருந்து எழுத்துணரியால் சொற்களைப் பிரிக்கலாம். அதிலிருந்து கைபேசி எண், இணைப்பு முகவரி, யுபிஐ அடையாளம் ஆகியவற்றைத் தனியே எடுத்து ஏற்கெனவே புகாரான பட்டியலோடு ஒப்பிடலாம். மிஞ்சிய வாசகத்தைச் செயற்கை நுண்ணறிவின் மொழி மாதிரியால் படித்து அவசரப்படுத்துகிறதா, மிரட்டுகிறதா, யாரிடமும் சொல்லாதே என்கிறதா, பணம் கேட்கிறதா என்று பார்க்கலாம். தனித்தனியே பார்த்தால் இவற்றில் எதுவும் மோசடிக்குச் சான்றாகாது. நான்கும் ஒரே படத்தில் சேர்ந்தால் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும். எழுத்துப் பிழையை வைத்து மோசடியை அடையாளம் கண்ட காலம் போய்விட்டது. செயற்கை நுண்ணறிவு அவர்களுக்கும் பிழையின்றி எழுதித் தருகிறது.

தமிழ் எங்கே நிற்கிறது

தமிழ் எழுத்துணரிக்கும் நல்ல வரலாறு உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ. ஜி. ராமகிருஷ்ணனின் ஆய்வகம் நெடுங்காலம் அதில் உழைத்தது. பொன்விழி என்ற தமிழ் எழுத்துணரி 2000களில் புழக்கத்துக்கு வந்தது. டெசராக்ட் தமிழையும் படிக்கிறது. நாட்டுடைமையான இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் கூகுளின் எழுத்துணரி வழியாக விக்கிமூலத்துக்குக் கொண்டுவந்தார்கள். ‘கொ’ என்ற எழுத்தில் கொம்பு மெய்க்கு முன்னும் கால் அதற்குப் பின்னும் நிற்கும். கண் பார்க்கும் வரிசை வேறு, கணினி சேமிக்கும் வரிசை வேறு. அந்தச் சிக்கலையெல்லாம் தாண்டி வந்த உழைப்பு இது.

ஆனால் அந்த உழைப்பெல்லாம் பழைய நூல்களுக்குப் போனது. மோசடியைப் பிடிக்கும் கருவிகளுக்கு அதில் பாதியளவும் வரவில்லை. ஆண்ட்ராய்டு செயலி எழுதுகிறவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் கூகுளின் எம்எல் கிட் இரண்டாம் பதிப்பு, இணையத் தொடர்பு இல்லாமல் கைபேசியிலேயே எழுத்தைப் படிக்கும். அது அறிவித்த எழுத்து முறைகள் இலத்தீன், சீனம், ஜப்பானியம், கொரியம், தேவநாகரி. தமிழ் அதில் இல்லை. தமிழில் வந்த மோசடிப் படத்தைச் சோதிக்க வேண்டுமென்றால், அந்தக் கருவியை நம்பும் செயலி படத்தை வெளியே ஒரு வழங்கிக்கு அனுப்ப வேண்டும். அந்தப் படத்தில் ஆதார் எண்ணோ கணக்கு எண்ணோ இருக்கலாம்.

தமிழ் எழுத்தில் ஒளிவதற்கும் இடம் உண்டு. க என்ற எழுத்தும் ௧ என்ற தமிழ் எண்ணும் கண்ணுக்கு ஒன்று. கணினிக்கு இரண்டு வேறு குறியீடுகள். உ, ௨, எ, ௭, அ, ௮ ஆகிய இணைகளும் அப்படியே. ரகரத்துக்குப் பதில் துணைக்காலைத் தட்டினால் ‘ரி’ போலவே தோன்றும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இந்தக் குழப்பம் ஏராளம். சொல்லை எண்ணும் வடிகட்டி இதில் தோற்கும். கண் பார்ப்பதைப்போல வடிவத்தைப் பார்க்கும் எழுத்துணரி தோற்காது. ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்த தமிழுக்கோ பழகிய மாதிரிகளே குறைவு. ‘இன்றிரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்’ என்ற செய்தி 2022இல் தமிழ்நாட்டுக் கைபேசிகளில் சுற்றியபோது, அதைப் பற்றி எச்சரித்தவர்கள் காவல்துறையும் பத்திரிகைகளும்தான், கைபேசிகள் அல்ல.

இதைச் சரிசெய்யப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. தமிழ் எழுத்துணரி இருக்கிறது; சிறிய மொழி மாதிரிகள் கைபேசியிலேயே ஓடுகின்றன; சக்‌ஷுவிலும் இணைய மோசடிப் புகாருக்கான 1930 உதவி எண்ணிலும் வந்து குவியும் புகார்களில் உண்மையான மோசடி வாசகங்கள் இருக்கின்றன. அவற்றிலிருந்து பெயரையும் எண்ணையும் நீக்கி ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட வேண்டியது அரசின் கடமை. கைபேசியிலேயே தமிழைப் படிக்கும் வசதியைத் தர வேண்டியது எட்டுக் கோடித் தமிழரிடம் கைபேசி மென்பொருளைக் கொண்டுசேர்த்த நிறுவனங்களின் கடமை.

வாசகர் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. மிரட்டும் படமோ கடிதமோ வந்தால் பயத்திலும் வெட்கத்திலும் உடனே அழித்துவிடாதீர்கள். திரைப்படிவம் எடுத்து வையுங்கள். பணம் போயிருந்தால் அந்த நிமிடமே 1930க்கு அழையுங்கள். போகவில்லையென்றாலும் சக்‌ஷுவில் புகார் செய்யுங்கள். 2002இலிருந்து இன்றுவரை மோசடியை அடையாளம் காணும் இயந்திரங்களில் பெரும்பாலானவை, யாரோ ஒருவர் இது குப்பை என்று குறித்துக் கொடுத்ததைப் படித்துத்தான் கற்றுக்கொண்டன.